மிச்ச சொச்சம்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனை எவரும் "எங்கள் மெயில் புரோகிராமில் மிச்சக் கோப்புகள் சேர்ந்துவிட்டன, வந்து பாருங்கள்" என்று சொல்லி அழைப்பதில்லை. டிஸ்க்கில் இடமே இல்லை என்பார்கள். மெயில் திறக்க வெகுநேரம் ஆகிறது என்பார்கள். தாங்கள் உண்டாக்காத ஒரு ஃபோல்டர், வாயில் நுழையாத பெயரோடு இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, வைரஸாக இருக்குமோ என்று கேட்பார்கள். எல்லாவற்றிலும் கொடியதாக, நேற்று மாலைவரை இருந்த கடிதங்களில் இன்று காலை ஒன்றுகூட இல்லை என்பார்கள். திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளின் வாசற்படிகளை ஏறி இறங்கிய இத்தனை வருஷங்களில் நான் கண்டது, இந்த முறையீடுகளின் அடியில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் கிடக்கிறது என்பது: தொடங்கிய ஒரு வேலை முடியாமல் நடுவில் நின்றிருக்கும், அந்த வேலைக்காகப் புரோகிராம் தற்காலிகமாக எழுதிய கோப்பு அங்கேயே தங்கியிருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு, மெயில் காணாமற்போனதற்கு இவ்வளவு வியாகுலமா என்று தோன்றலாம். நிறத்துக்கு ஒப்புதல் கிடைத்ததா, லேப் டிப் என்ற சாய மாதிரியை எத்தனையாவது முறை அனுப்பியது, அளவுத் தாளில் கழுத்துச் சுற்றை அரை சென்டிமீட்டர் மாற்றச் சொன்னவர் யார், சரக்கைக் கப்பலேற்றும் தேதியைத் தள்ளிவைக்க பையர் சம்மதித்தது எந்த நாள் என்பதெல்லாம் எங்கள் ஊரில் கடிதங்களிலேயே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஐரோப்பாவிலிருந்து, பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வந்து நிற்கும்போது, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஓடிப்போய்த் தேடுவது அந்தப் பழைய கடிதத்தைத்தான். பத்திரப் பெட்டியின் ஸ்தானத்தை மெயில் புரோகிராமுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எப்படிப் பூட்டுகிறது என்பதைப் பற்றிச் சிந்தனையே இல்லாமல் லட்சக்கணக்கில் வியாபாரம் செய்கிறவர்கள் நாங்கள்.

1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டதற்குச் சில வருஷங்களுக்குப் பின்னால், மோடம் கூவி முழங்கி லைன் பிடிக்கிற காலத்தில், நான் இத்தொழிலில் புகுந்தேன். அப்பொழுது சில கம்பெனிகளில் பெகாசஸ் மெயில் இருந்தது. நியூஸிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஹாரிஸ் என்பவர் 1990-ல் எழுதி இலவசமாகவே வழங்கிவந்த புரோகிராம் அது. புதிதாக வந்த கடிதம் ஒவ்வொன்றும் அதில் ஒரு தனிக் கோப்பாக, சி.என்.எம் என்ற வால் பெயரோடு நிற்கும். ஃபோல்டருக்கு மாற்றிய பின்னரே மற்றக் கடிதங்களோடு ஒரே பெரிய கோப்பில் சேரும். புதிதாக இத்தொழிலைக் கற்க வந்தவனுக்கு இதைக் காட்டிலும் நல்ல ஆசான் கிடையாது. நோட்பேடில் திறந்தால் கடிதம் முழுவதும், தலைப்பு வரிகள் உள்பட, கண்முன் நிற்கும். மெயில் என்பது எழுத்துக் குவியலே தவிர மாயவித்தை அல்ல என்ற தெளிவு எனக்கு அந்தக் கோப்புகளைப் பார்த்துத்தான் உண்டாயிற்று.

அந்தக் காலத்துத் தொல்லை மிச்சக் கடிதங்கள் தங்குகிற இடத்தில் இருந்தது. அவை நம்முடைய டிஸ்க்கில் தங்கவில்லை, தூரத்திலிருக்கும் சர்வரில் தங்கின. சர்வரிலிருந்து கடிதங்களை இறக்கும் பாப்-3 என்ற ஏற்பாட்டின் விதிகள் இன்றுள்ள வடிவில் 1996-ல் எழுதப்பட்டவை. அந்த விதிப்படி, கடிதத்தை இறக்கிக்கொண்ட புரோகிராம் "இதை அழித்துவிடு" என்று சொன்னாலும் சர்வர் உடனே அழிப்பதில்லை. அழிக்க வேண்டியது என்று குறித்துமட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் நம் புரோகிராம் முறைப்படி விடைபெற்றுக்கொண்ட பிறகே அழிக்கிறது. இடையில் லைன் அறுந்தால் அந்தக் குறிப்புகள் யாவும் ரத்தாகி, எல்லாக் கடிதங்களும் பழையபடி அங்கேயே நிற்கின்றன. பையர் ஒருவர் துணியின் புகைப்படங்களைப் பெரிதாக எடுத்து அனுப்பியிருப்பார். அதற்கு முன்னால் வரிசையில் நின்ற சின்னக் கடிதங்கள் இறங்கி முடிந்து, பெரிய கடிதத்தின் பாதியில் டெலிபோன் லைன் போய்விடும். மறுபடி இணைத்தால் முதலிலிருந்து எல்லாம் மீண்டும் வரும். ஒரு கம்பெனியின் குமாஸ்தா, வந்த ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் போடுகிற சிரத்தைக்காரர். ஒரே ஆர்டர் மூன்று ஃபைல்களில் ஏறி, நூல் வாங்குகிறவர் மூன்று ஆர்டருக்குக் கணக்குப் போட்டுவிட்டு வந்து நின்றதை இன்றும் அந்தத் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். பரிகாரம் எளிது. சர்வரில் வழியை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய கடிதத்தை மட்டும் தனியாக அப்புறப்படுத்தினேன். மற்றவை ஒழுங்காக விடைபெற்றுக்கொண்டன.

பிறகு வந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸின் ராஜ்யம். விண்டோஸோடு கூடவே வந்ததால் யாரும் கேட்காமலே எல்லா மேஜைகளிலும் அமர்ந்துவிட்ட புரோகிராம் அது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் டி.பி.எக்ஸ் என்ற வாலுடைய ஒரே கோப்பு. அதற்கு 2 ஜி.பி. என்ற எல்லை. ஒரு கடிதத்தை அழித்தால் கோப்பினுள் அந்த இடம் வெற்றிடமாகுமே ஒழிய கோப்பு சிறுக்காது. சிறுக்க வேண்டுமானால் கம்பாக்ட் செய்ய வேண்டும். 2004-ல் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு, நூறு முறை புரோகிராமை மூடினால் ஒரு முறை அதுவே "சுருக்கட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தது. கேட்பது எந்த வேளையில்? இரவு எட்டு மணிக்கு, கடைசி மெயிலையும் அனுப்பிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மூடும் பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில். சரி என்று சொல்லிவிட்டு, அது ஓடி முடியும்வரை நிற்கப் பொறுமையில்லாமல், சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனவர்களே என் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி.

சாயப்பட்டறை ஒன்றின் கணக்குப்பிள்ளை அப்படித்தான் செய்தார். மறுநாள் காலை இன்பாக்ஸ் வெறுமையாக இருந்தது. நான் போனபோது முதலாளி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். "பூராவும் போச்சுங்க தம்பி, ஒண்ணுகூட இல்லீங்க" என்றார். நான் மெயில் புரோகிராமைத் திறக்காமல் முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்ததைக் கண்டு அவருக்கு என்மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். கம்பாக்ட் தொடங்கும்போது அந்தப் புரோகிராம் பழைய கோப்பின் நகல் ஒன்றை பி.ஏ.கே என்ற வாலோடு ரீசைக்கிள் பின்னில் போட்டுவைக்கும் வழக்கம் உடையது என்பது அநேகருக்குத் தெரியாது. தெரியாததோடு, அது குப்பைத் தொட்டி என்பதால் தினமும் காலிசெய்வது ஆபீஸ் பையனின் நித்தியக் கடமைகளில் ஒன்றாகவும் இருந்தது. அன்று பையன் ஊருக்குப் போயிருந்தான். நகலை வெளியே எடுத்து, பழைய பெயரையும் வாலையும் கொடுத்து, கெட்டுப்போன கோப்பை அழிக்காமல் வேறிடத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, இதை அதன் ஸ்தானத்தில் வைத்தேன். கடிதங்கள் திரும்பின. பையன் திரும்பி வந்ததும் அவனுக்குத்தான் முதல் உபதேசம் நடந்தது.

2007-ல் விஸ்டா வந்தபோது அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இல்லை. அதற்கு முன்பே, 2004 டிசம்பரில் முதற்பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்டை நான் பழகத் தொடங்கியிருந்தேன். காசு கொடுக்க வேண்டாம் என்ற ஒரு வார்த்தையே எங்கள் ஊரில் சிபாரிசாகப் போதுமானது. என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி இதன் மிச்சங்களோடு கழிந்ததால் இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும்.

தண்டர்பேர்ட் கடிதங்களை எம்பாக்ஸ் என்ற பழைய யூனிக்ஸ் முறையில் வைக்கிறது. இன்பாக்ஸ் முழுவதும் வால் பெயர் இல்லாத ஒரே எழுத்துக் கோப்பு. அதில் கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். 'ஃப்ரம்' என்று தொடங்கும் ஒரு வரி அடுத்த கடிதத்தின் ஆரம்பத்தைக் காட்டும். பக்கத்திலேயே அதே பெயரில் எம்.எஸ்.எஃப் என்ற வாலோடு ஒரு சிறிய கோப்பு இருக்கும்; அது அட்டவணை மட்டுமே. அட்டவணையை அழித்தால் புரோகிராம் அடுத்த முறை திறக்கும்போது கடிதங்களைப் படித்துப் புதிதாக எழுதிக்கொள்ளும். பெயரில் வால் இல்லாத கோப்பை அழித்தால் கடிதங்கள் போயின. சர்வீஸுக்கு வருகிற பிள்ளைகள் பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொள்கிறார்கள். வால் இல்லாத கோப்பு ஏதோ கெட்டுப்போன பொருள் என்பது விண்டோஸ் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதனால் விளைந்த நாசத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த முறையில் கடிதத்தை அழிப்பது என்றால் என்ன? கடிதத்தின் தலைப்பு வரிகளுக்கு மேலே தண்டர்பேர்ட் தானாக 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி எழுதி, அதில் நான்கு இலக்கங்களை வைத்திருக்கிறது. படிக்காத கடிதத்துக்கு 0000, படித்ததற்கு 0001; அழித்ததும் அதோடு எட்டு சேர்ந்து 0009 ஆகிறது. அவ்வளவுதான். கடிதம் கோப்பில் இருந்த இடத்திலேயே, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருக்கிறது. திரையில் மட்டும் காட்டப்படுவதில்லை. டிராஷுக்குப் போனது அதன் நகல். மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி பையரின் கடிதத்தை அழித்து, டிராஷையும் காலி செய்துவிட்டு, மத்தியானம்வரை அழுதுகொண்டிருந்த கம்பெனியில், நான் தண்டர்பேர்டை மூடச் சொல்லி, இன்பாக்ஸ் கோப்பை வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து, எடிட்டரில் திறந்து, பையரின் பெயரைத் தேடி, அந்தக் கடிதத்தின் 0009-ஐ 0001 என்று திருத்தி, அட்டவணைக் கோப்பை நீக்கிவிட்டுத் திறந்தேன். இலக்கங்களின் எண்ணிக்கையை மாற்றக்கூடாது, நான்கு நான்காகவே இருக்கவேண்டும் என்பது ஒன்றே இதில் ஜாக்கிரதை. "அண்ணா, டிராஷ்லயே இல்லாதது எப்படிண்ணா வந்துச்சு?" என்று அவள் கேட்டதற்கு, உன் கம்பெனி சோம்பேறித்தனமாகக் கம்பாக்ட் செய்யாமல் விட்டதால் வந்தது என்று உண்மையையே சொன்னேன்.

அந்தக் கம்பாக்ட்தான் மிச்சக் கோப்புகளுக்கெல்லாம் பிறப்பிடம். மளிகைக் கடைக்காரர் அடித்தல் திருத்தல் நிறைந்த பழைய பேரேட்டிலிருந்து அடிக்காத வரிகளை மட்டும் புதிய நோட்டில் பெயர்த்தெழுதி, பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதன் அட்டையில் இருந்த பெயரைப் புதியதன்மேல் ஒட்டுவதைப் போன்ற காரியம் அது. புதிய நோட்டுக்கு, எழுதி முடியும்வரை, தண்டர்பேர்ட் வைக்கும் தற்காலிகப் பெயர் 'என்எஸ்டிஎம்பி'. வேலை முடிந்தால் அந்தப் பெயர் மறைந்துவிடும். முடியாவிட்டால் அந்தக் கோப்பு அதே இடத்தில் நிற்கும். கடிதக் கோப்புகள் இருக்கிற இடத்தில் வாலில்லாத எதைக் கண்டாலும் அதை ஒரு ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்வது தண்டர்பேர்டின் இயல்பு ஆகையால், மறுமுறை திறக்கும்போது இடது பக்கத்தில் அந்தப் பெயரோடு ஒரு ஃபோல்டர் தோன்றும். அடுத்த முறையும் தடைப்பட்டால் பெயரோடு ஒன்று, இரண்டு என்று எண் சேர்ந்து வரிசை வளரும்.

2012-ஆம் வருஷத்து மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இந்த வரிசை எங்கள் ஊரில் எப்படி வளர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. சென்னைக்கு வெளியே பகலும் இரவுமாகப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்கள் அவை, யு.பி.எஸ். பேட்டரிகள் சார்ஜ் ஏற அவகாசமே இல்லாமல் செத்துக்கொண்டிருந்தன. மின்சாரம் இருந்த நேரத்தில் தையல் மெஷின்களுக்கே முதல் மரியாதை. ஒரு பிரிண்டிங் கம்பெனியில் இன்பாக்ஸின் கீழே இந்தப் பெயர் எண்களோடு ஏணிபோல் இறங்கியிருந்தது. "இந்தப் பேரை எவன் வெச்சானுங்க? எங்க பிள்ளைகளைக் கேட்டா நாங்க தொடவே இல்லீங்கறாங்க" என்றார் முதலாளி. பிள்ளைகள்மேல் குற்றமில்லை என்று நான் சொல்லவேண்டியிருந்தது. மின்சாரம் போன ஒவ்வொரு தடவைக்கும் அங்கே ஒரு படி.

இவற்றை அழிக்கலாமா என்பதே கேள்வி. இணையத்தில் தேடினால் அழிக்கலாம் என்று விடை வரும். பெரும்பாலும் அந்த விடை சரியானதும்கூட. ஆனால் வேலை எந்த இடத்தில் நின்றது என்று பார்க்காமல் சொல்லக்கூடிய விடை அல்ல அது. பெயர்த்தெழுதும்போதே மின்சாரம் போயிருந்தால், பழைய கோப்பு பத்திரமாக இருக்கும். தற்காலிகக் கோப்பு அரைகுறை. அந்தப் பிரிண்டிங் கம்பெனியில் நான் ஒவ்வொன்றையும் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எதிலும் கடிதம் முடிந்திருக்கவில்லை. ஒன்றில் இணைப்பாக வந்த புகைப்படத்தின் எழுத்துக் குவியல் ஒரு வரியின் நடுவில் அறுந்து நின்றது. இன்பாக்ஸோ முழுசாக இருந்தது. பிரதி ஒன்று எடுத்துவைத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன்.

அதே மாதத்தில் வேறொரு கம்பெனியில் கதை தலைகீழாக இருந்தது. அங்கே இன்பாக்ஸ் கோப்பின் அளவு சுழியம். பக்கத்தில் நின்ற தற்காலிகக் கோப்போ ஒரு ஜி.பி.க்கு மேல். எழுதி முடித்து, பழையதை நீக்கி, பெயர் மாற்றுவதற்கு முன்பு வேலை நின்றிருக்கிறது. மறுநாள் தண்டர்பேர்ட் இன்பாக்ஸைக் காணாமல் புதிதாக வெறுங்கோப்பு ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பெனியின் சகல கடிதங்களும் அன்று இருந்த ஒரே இடம், எல்லோரும் குப்பை என்று சொல்லும் அந்தக் கோப்புதான். எனக்கு முன்னால் வந்த பையன் ஒருவன் அதன்மேல் மவுஸை வைத்து வலது பொத்தானை அழுத்தும் தறுவாயில் டீ வந்ததால் எழுந்து போனான் என்று வாட்ச்மேன் சொன்னார். நான் செய்தது பெயர் மாற்றம் மட்டுமே. அதற்கு நான் வாங்கிய கூலியை முதலாளி இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக் கொடுத்தார். எங்கள் தொழிலில் கூலிக்கும் வேலைக்கும் உள்ள சம்பந்தம் இப்படித்தான்: அழிக்க ஒரு நிமிஷம், அழிக்கலாமா என்று அறிய அரைநாள், பார்ப்பவர் கண்ணில் படுவது அந்த ஒரு நிமிஷம்.

மின்சாரத்துக்கு அடுத்த சத்துரு ஆன்டிவைரஸ். ஆயிரம் கடிதங்களும் ஒரே கோப்பு என்பது அதற்குத் தெரியாது. ஒரு கடிதத்தில் விஷத்தைக் கண்டால் கோப்பையே சிறையில் போடும். ஒரு ஸ்தாபனத்தில் இப்படி மூன்று வருஷத்துக் கடிதங்கள் ஒரே மத்தியானத்தில் க்வாரன்டைனுக்குப் போயின. அங்கிருந்து மீட்டு, குற்றவாளிக் கடிதத்தை மட்டும் எடிட்டரில் வெட்டி எறிந்து, திரும்ப வைத்தேன். வேறு சமயங்களில் அது எதையும் எடுத்துக்கொண்டு போகாமல், கம்பாக்ட் முடிந்து பெயர் மாற்றும் நொடியில் கோப்பைச் சோதனைக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயர் மாறாது, மிச்சம் தங்கும். மின்வெட்டே இல்லாத கம்பெனியில் ஏணி வளர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். கடிதக் கோப்புகள் இருக்கும் இடத்தைச் சோதனையிலிருந்து விலக்கிவைத்துவிட்டு, வருகிற கடிதம் ஒவ்வொன்றையும் முதலில் தனிக் கோப்பாக டெம்ப் ஃபோல்டரில் எழுதச் சொல்லும் ஒரு ஏற்பாடு தண்டர்பேர்டில் உண்டு, அதை இயக்கிவிடுவேன். அப்பொழுது பிடிபடுவது அந்த ஒரு கடிதம் மட்டுமே.

டெம்ப் ஃபோல்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதம் எழுதி அனுப்பும்போதும் தண்டர்பேர்ட் அங்கே தற்காலிகக் கோப்புகளை எழுதும்; 'என்எஸ்ஈமெயில்' என்றும் 'என்எஸ்மெயில்' என்றும் பெயர் இருக்கும். அனுப்புவது பாதியில் தடைப்பட்டால் அவை நிற்கும். இவற்றைத் தயக்கமின்றி அழிக்கலாம் என்பதோடு, அழித்தே ஆகவேண்டும் என்றும் சொல்வேன். ஒரு ஆடிட்டர் ஆபீஸில், நாலு பேர் மாறி மாறி உட்காரும் பொது மெஷினில், ஒரே லாகினில், கட்சிக்காரர்களின் வருமான விவரங்கள் அடங்கிய கடிதங்கள் முழு வாசகத்தோடு அந்த ஃபோல்டரில் கிடந்தன. அனுப்பியவர் சென்ட் ஃபோல்டரைப் பாஸ்வேர்ட் போட்டுப் பத்திரப்படுத்தியிருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தார்.

இத்தனை தொல்லையும் ஒரே கோப்பில் எல்லாக் கடிதங்களையும் அடைப்பதால்தானே என்று கேட்டால், ஆம், அதற்கு மாற்றும் வெகுகாலமாக உண்டு. டி.ஜே. பெர்ன்ஸ்டைன் தம்முடைய க்யூமெயில் சர்வருக்காக வகுத்த மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. அது முதலில் 'டெம்ப்' என்ற அறையில் எழுதப்படுகிறது. முழுதும் எழுதி முடிந்த பின்பே 'நியூ' என்ற அறைக்குள் அனுமதிக்கப்படுகிறது. டெம்ப் அறையில் 36 மணி நேரம் எவரும் தொடாமல் கிடப்பதை அழித்துவிடலாம் என்று அந்த முறையே சொல்லிவிடுகிறது. மிச்சம் சேரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கென ஓர் இடத்தையும் ஒரு கெடுவையும் ஏற்படுத்திய புத்திசாலித்தனத்தை நான் எப்பொழுதும் வியப்பதுண்டு. தண்டர்பேர்டும் 2015-ல் 38-ஆம் பதிப்பிலிருந்து இதைப் போன்ற ஒன்றைப் பரீட்சார்த்தமாகத் தருகிறது. வாடிக்கையாளரிடம் நான் அதைப் போட்டதில்லை; பரீட்சை என்று எழுதியிருப்பதை இன்னொருவர் வியாபாரத்தில் நடத்திப் பார்க்க எனக்கு மனம் வராது.

இப்பொழுது பெரும்பாலோர் ஐமேப்புக்கு மாறிவிட்டார்கள். அதில் மூலம் சர்வரில் இருக்கிறது, நம் டிஸ்க்கில் இருப்பது அதன் நகல். ஆகவே ஐமேப் ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பு தங்கினால் முன்போல் நெஞ்சு படபடப்பதில்லை. போய் உட்கார்ந்ததும் முதலில் நான் கேட்பது இது பாப்பா, ஐமேப்பா என்பதே. அந்த ஒரு பதிலில் அரைநாள் வேலை குறைந்துவிடும். இளைஞர்கள் பிரௌசரிலேயே மெயில் பார்க்கிறார்கள்; அவர்களுக்கு இந்தக் கோப்புகளின் முகமே தெரியாது. மெர்ச்சண்டைசிங்கில் பழுத்தவர்கள் மட்டும் பழைய பாப் கணக்கையும் பழைய தண்டர்பேர்டையும் விடாமல் வைத்துக்கொண்டு, எனக்கு இன்னும் வேலை கொடுத்துவருகிறார்கள்.

அவர்களில் ஒருவர் வீட்டுக் கம்பெனியில் நடந்தது இது. வேலையை விட்டுப்போன மெர்ச்சண்டைசர் ஒருவரின் மெயில் கணக்கைத் தண்டர்பேர்டிலிருந்து நீக்கியிருந்தார்கள். பழைய பதிப்புகளில் கணக்கை நீக்கினால் இடது பக்கத்திலிருந்து பெயர்தான் போகும். கடிதக் கோப்புகள் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். பின்னால் வந்த பதிப்புகளில்தான் கடிதங்களையும் சேர்த்து நீக்கட்டுமா என்று கேட்கிறது. கணக்கு போய் இரண்டு சீஸன் ஆன பிறகு, சரக்கு தாமதமாகக் கப்பலேறியது என்று பையர் டெபிட் நோட் அனுப்பினார். தேதியைத் தள்ளிவைக்க அவரே ஒப்புக்கொண்ட கடிதம், போனவருடைய மெயிலில் இருந்தது. முதலாளி என்னை அழைத்தது அதற்காக அல்ல. டிஸ்க்கைச் சுத்தம் செய்து அந்த மெஷினைப் புது ஆளுக்குக் கொடுக்கவேண்டும் என்றுதான். பேச்சுவாக்கில் இந்த வழக்கைச் சொல்லி, "அந்தப் பையனுக்கு ஃபோன் போட்டா எடுக்கவே மாட்டேங்கறானுங்க" என்று அலுத்துக்கொண்டார்.

விண்டோஸ் மறைத்துவைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள், எட்டு எழுத்துக்கள் தாறுமாறாகச் சேர்ந்த பெயரைத் திறந்து, மெயில் என்ற அறைக்குள் போனேன். பழைய சர்வரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குச் சொந்தக்காரக் கணக்கு எதுவும் இல்லாமல், கிடந்தது. அதிலிருந்த இன்பாக்ஸ் கோப்புக்கு வேறு பெயர் வைத்து லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் பிரதி எடுத்துப்போட்டு, தண்டர்பேர்டைத் திறந்தேன். அட்டவணை எழுதிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது. பின்பு இடது பக்கத்தில் புதிய ஃபோல்டராக வந்து நின்றது. பையரின் பெயரைக் கொடுத்துத் தேடியதில் அந்தக் கடிதம் வந்தது. முதலாளி அதைத் திரையிலேயே மூன்று தடவை வாசித்தார். கடிதத்தின் வாசகத்தை மட்டும் அனுப்பினால் நீங்களே தட்டச்சு செய்ததென்பார்கள், அது எந்தச் சர்வரில் எத்தனை மணிக்கு ஏறி இறங்கியது என்ற தலைப்பு வரிகளோடு முழுக் கோப்பாக அனுப்புங்கள் என்று சொல்லி, அதைத் தனியே சேமித்துக் கொடுத்தேன். மெஷினைச் சுத்தம் செய்யும் பேச்சு அன்று எழவில்லை. பையருடைய ஏஜென்ட் அந்தத் தலைப்பு வரிகளைப் பார்த்த பிறகு டெபிட் நோட்டில் பாதியைத் தள்ளுபடி செய்தார். மறுபாதிக்கு, துணியின் எடை குறைவு என்று வேறொரு காரணம் சொன்னார்.